நாய் வேண்டாம் என்றால் யார் வேண்டாம்?

மூன்று மாதம், பதினோரு வீடு. தேன்கனிக்கோட்டையில் நான் வாடகைக்கு வீடு தேடிய கணக்கு இது.

ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருடம் நின்றதில் என் இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் கருவி மாட்டினால் பாதி கேட்கும். இரவில் அதைக் கழற்றிவிட்டால் ஒன்றுமில்லை. மனைவிக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் வீட்டில் நான், கைக்குழந்தை, மணி. மணி ஒரு நாட்டுநாய். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. கதவு தட்டினாலும் குழந்தை அழுதாலும் ஓடிவந்து மூக்கால் முட்டி என்னை எழுப்பும். (காது கேளாதவன் வீட்டு நாய்க்கு மணி என்று பெயரா என்று சிரிக்காதீர்கள். வரும்போதே அந்தப் பெயரோடுதான் வந்தது.)

"நாய் இருந்தா வீடு இல்ல" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைத்த பதில். அதை அப்படியே நம்பியிருப்பேன், நான்காவது வீட்டுக்காரர் மட்டும் இல்லாவிட்டால். மணியைப் பார்த்ததும், "நம்ம வீட்லயும் ரெண்டு நிக்குது, இருக்கட்டும் தம்பி" என்றார். அட்வான்ஸ் பேசினோம். கிளம்பும்போது சொந்த ஊர் கேட்டார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" அதையும் சொன்னேன். மறுநாள் காலையில் போன்: "நாய் சரிப்பட்டு வராது தம்பி." ஒரே இரவில் மணிக்கு என்ன ஆகிவிட்டது? அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வீட்டுக்காரர்களின் நாக்கு அரசு ஆவணம் இல்லை போலும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அண்ணல் அம்பேத்கருக்கே வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பொய்ப்பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து துரத்தினார்கள். நண்பர்கள் இருவர், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர், இருவருமே இடம் தரவில்லை. அன்று தடி தேவைப்பட்டது. இன்று 'நாய்', 'அசைவம்', 'ஃபேமிலிக்கு மட்டும்' போதும்.

சட்டம் என்ன செய்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பாகுபாடு கூடாது என்கிறது, நியாயமான வசதி செய்து தரவேண்டும் என்கிறது. ஆனால் அது 'தனியார் நிறுவனம்' என்று வரையறுப்பது கம்பெனி, சங்கம், டிரஸ்ட், தொழிற்சாலை போன்றவற்றை. மாடியில் ஒரு போர்ஷன் விடும் தனிநபர் அதில் வரமாட்டார். உதவி விலங்கு பற்றி அதில் ஒரு வரி இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் ஒப்பந்தப் பதிவு, அட்வான்ஸ், வெளியேற்றம் எல்லாம் பேசுகிறது. சாதி பார்த்தோ ஊனம் பார்த்தோ வீடு மறுக்கக் கூடாது என்று மட்டும் பேசவில்லை. உள்ளே போனவனுக்குத்தான் அந்தச் சட்டம். வாசலில் நிற்பவனுக்கு இல்லை.

அமெரிக்காவில் 'நாய் கூடாது' என்று போர்டு மாட்டிய கட்டடத்திலும் மாற்றுத்திறனாளியின் உதவி நாயைச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறதே என்று நண்பர்கள் ஃபார்வர்டு செய்கிறார்கள். அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழாம் நாள் நியாயமான குடியிருப்புச் சட்டம் கையெழுத்தானது. நிறம் பார்த்து வீடு மறுப்பதைத்தான் அது முதலில் தடுத்தது. மாற்றுத்திறனாளிகள் அதில் சேர்க்கப்பட்டது இருபது ஆண்டு கழித்து, 1988இல். நாய்க்கான உரிமை அதன் வழியாக வந்தது. கறுப்பின மக்கள் திறந்த கதவு வழியாகத்தான் அந்த நாய் உள்ளே போனது.

இங்கே முதல் கதவே திறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன் தோழர்களே, சாய்தளம் கேட்டுப் போராடும் மாற்றுத்திறனாளி அமைப்புகள் சாதியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும், நம் மேடைகளில் ஊனமுற்ற தலித்துக்கு ஒரு நாற்காலி இல்லாமல் இருப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். உதவி விலங்கு உரிமை மட்டும் தனியாக வந்தால், அது சான்றிதழோடு லேப்ரடார் வைத்திருக்கும் ஆதிக்க சாதி வாடகைதாரருக்கே போய்ச் சேரும். மணியைப் போன்ற நாட்டுநாய்க்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்போம். சாதி, மதம், ஊனம் இவற்றைக் காரணமாக வைத்து வீடு மறுப்பது குற்றம், சாக்கு எதுவாக இருந்தாலும். உதவி விலங்கு அதன் அடுத்த வரியில் வரட்டும்.

பன்னிரண்டாவது வீடு கிடைத்துவிட்டது. எங்கள் ஆட்களின் வீடு, டவுனிலிருந்து ஆறு கிலோமீட்டர். கம்பெனி பஸ் உள்ளே வராது. நைட் ஷிஃப்டுக்கு என் மனைவி மெயின் ரோடு வரை இருட்டில் நடந்துதான் போகிறாள்.