பெயர் ஒன்று, வகை பல

மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயாகும். இஃது ஒரே நோய் என்றே பலர் எண்ணுகின்றனர். அதனால்தான், நோயுற்றவரைக் காண வரும் உறவினர்கள், “என் அக்காவுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள். உனக்கு ஏன் கீமோதெரபி?” என்று கேட்டுவிடுகின்றனர். அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும், அது நோயாளியின் மனத்தில் ஐயத்தை விதைக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிடவும் அந்த ஐயம் காரணமாகிவிடலாம்.

உண்மையில், மார்பகப் புற்றுநோய் பல வகைப்படும். கட்டியிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்துச் சோதித்து, மருத்துவர்கள் அதன் வகையைக் கண்டறிகின்றனர். சிலரின் புற்றணுக்கள் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களின் துணையோடு வளர்கின்றன. பத்து நோயாளிகளில் ஏறத்தாழ எழுவருக்கு இவ்வகையே ஏற்படுகிறது. ஹார்மோனின் செயலைத் தடுக்கும் டாமொக்சிஃபென் போன்ற மாத்திரைகளை இவர்கள் பொதுவாக 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ உட்கொள்ள வேண்டும்.

வேறு சிலரின் புற்றணுக்களில் ஹெர்-2 எனும் புரதம் மிகுந்திருக்கும். இவ்விரு தன்மைகளும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. ஹெர்-2 வகை விரைந்து பரவக்கூடியது. அப்புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் எனும் மருந்து, 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பின்னர், பல பெண்களின் வாழ்நாள் நீண்டுள்ளது. இவ்விரு தன்மைகளும் இல்லாத மற்றொரு வகைக்கு மேற்கூறிய மருந்துகள் பயன்படா. அதற்குக் கீமோதெரபியே முதன்மையான மருந்து. ஆகவே, ஒருவருக்குப் பயன்பட்ட சிகிச்சையை மற்றவருக்கு அளவுகோலாகக் கொள்வது தவறு.

கலங்கி நிற்கும் நோயாளிக்கு இவ்விவரங்கள் சுமையாகும் என்று சிலர் வாதிடலாம். ஆனால், அறியாமையே அதைவிடப் பெரிய சுமை. தம் நோயின் வகையை அறிந்தவர், முடி உதிர்ந்தாலும் கீமோதெரபியை ஏன் தொடர வேண்டும், உடல் தேறிய பின்னும் மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது என்பவற்றைப் புரிந்துகொள்வார்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் எனத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அறிவுறுத்துகிறது. ஆகவே, மருத்துவரைக் காணச் செல்லும்போது குடும்பத்தார் ஒருவர் உடன் செல்ல வேண்டும். “இஃது எந்த வகை? இச்சிகிச்சை எதற்காக?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள மருத்துவ அறிக்கையைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல இடைநிலைப்பள்ளி மாணவராலும் இயலும். நோயாளிக்கு வேண்டியது ஒப்பீடு அன்று, தெளிவே.