நூலகத்துக்குப் போகும் சாலை

ஜனவரி வந்தால் கல்லூரிகளில் சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி. நவம்பர் வந்தால் நூலக வார விழா. முதலாவதில் மாணவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி, "ஹெல்மெட் அணிவேன், வேகமாக ஓட்டமாட்டேன்" என்று சொல்ல வைக்கிறார்கள். இரண்டாவதில் மேடையில் ஒருவர் ஏறி, இன்றைய இளைஞர்கள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டு இறங்குகிறார். இரண்டு விழாவிலும் குற்றவாளி ஒருவர்தான்: மாணவர்.

தோழர்களே, இந்த இரண்டையும் நாம் தனித்தனியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். நூலகம் கல்வித்துறை, சாலை நெடுஞ்சாலைத்துறை. ஆனால் காலனியிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவருக்கு இவை இரண்டும் ஒரே கேள்வி. நூலகம் திறந்திருக்கிற நேரத்தில் அங்கே இருக்க முடியுமா? இருந்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடியுமா? இந்தக் கேள்வியை எந்தத் துறையும் கேட்பதில்லை. அதனால் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். இருசக்கர வாகனத்தில் போனவர்களைச் சேர்த்தால் செத்தவர்களில் பாதிக்கும் மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். காருக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கணக்கில் சிறு பகுதிதான். நடப்பவர்களும், சைக்கிள் மிதிப்பவர்களும், பழைய பைக்கில் வேலைக்குப் போகிறவர்களும்தான் அதிகம். இந்தப் பட்டியலில் சாதிவாரிக் கணக்கு இல்லை. ஆனால் இந்த நாட்டில் யார் நடக்கிறார்கள், யார் காரில் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

சாலை விபத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குப் பாபாசாகேப் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதிய சம்பவத்தை நினைவுபடுத்துவோம். 1929. தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். துலியா ரயில் பாதையில் உள்ள ஒரு கிராமத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சாளிஸ்காவ் ரயில் நிலையத்தில் மகர் மக்கள் அவரை வரவேற்கிறார்கள். சேரிக்குப் போக இரண்டு மைல். ஆனால் எந்தக் குதிரை வண்டிக்காரரும் மகரை ஏற்றிக்கொண்டு ஓட்ட மறுக்கிறார். கடைசியில் ஒருவர் வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார், தான் ஓட்டமாட்டேன் என்கிறார். விருந்தாளியை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று, வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒரு மகர் ஓட்ட உட்காருகிறார். ஆற்றுப் பாலத்தில் வண்டி மோதுகிறது. அம்பேத்கர் கல் பாவிய தரையில் தூக்கி எறியப்படுகிறார், கால் முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன.

இன்றைய போலீஸ் நிலையத்தில் இதைப் பதிவு செய்தால் என்ன எழுதுவார்கள்? "ஓட்டுநரின் அஜாக்கிரதை." அவ்வளவுதான். பழகிய ஓட்டுநர் ஏன் ஓட்டவில்லை, சேரி ஏன் இரண்டு மைல் தள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற பாரிஸ்டராக இருந்தும் அவர் உடம்பு அந்தப் பாலத்தில் விழுந்தது. விபத்தின் காரணம் வண்டி ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றையும் தாழ்த்தப்பட்ட மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம். அது நிறைவேறியது, அரசாணையும் ஆனது. சாலையில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட மக்கள் நாம். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. சாலையில் கால் வைக்கும் உரிமை ஏட்டில் வந்துவிட்டது. அந்தச் சாலையில் சாகாமல் நடக்கும் உரிமை இன்னும் வரவில்லை.

ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது சேரி. ஊருக்குள் நெரிசல் வேண்டாம் என்று ஊருக்கு வெளியே போடப்படுவது பைபாஸ். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்திப்பது தற்செயல் இல்லை. நான்கு வழிச்சாலைக்கு ஒரு பக்கம் காலனி, மறுபக்கம் பள்ளியும் பஸ் நிறுத்தமும் ரேஷன் கடையும் இருக்கும். நடுவே சென்டர் மீடியன். கடக்க வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும், அல்லது குதிக்க வேண்டும். குதித்தால் "பொறுப்பில்லாத மக்கள்" என்ற பெயர். பஸ் ஊர்த் தெரு நிறுத்தத்தோடு திரும்பிவிடும். அங்கிருந்து காலனி வரைக்கும் தெருவிளக்கு இருக்காது. இருந்தாலும் எரியாது.

இப்போது நூலகம். இந்த மண்ணுக்கு நூலகத்தில் பெரிய வரலாறு உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது நான்காவது. அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. வாசகர் வர முடியாத இடத்துக்குப் புத்தகம் சாலை வழியே போனது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி இன்றும் வசூலிக்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர் அதை வாடகையில் கட்டுகிறார். நூலகம் யாருடைய தர்மமும் இல்லை, நம் காசு.

ஆனால் அரசுக் கல்லூரி மாணவர்களிடம் பேசிப் பாருங்கள். ஷிப்ட் ஒன்று மாணவருக்கு மதியத்தோடு வகுப்பு முடியும். அதன்பிறகு கேட்டரிங், டெலிவரி, பெட்ரோல் பங்க் என்று வேலைக்கு ஓடுவார். ஷிப்ட் இரண்டு மாணவர் காலையில் வேலை பார்த்துவிட்டு மதியம் வருவார், இருட்டும் நேரத்தில்தான் வெளியே வருவார். நூலகம் திறந்திருக்கும் நேரமோ அலுவலக நேரம். மாணவருக்கு நேரம் கிடைக்கும்போது நூலகம் மூடியிருக்கும், நூலகம் திறந்திருக்கும்போது மாணவர் வகுப்பிலோ வேலையிலோ இருப்பார். நூலகர் பணியிடம் காலியாக இருந்தால் அதுவும் இல்லை, சாவி ஒரு பேராசிரியரின் பையில் இருக்கும். ரங்கநாதனின் படம் சுவரில் தொங்கும். அவருடைய நான்காவது விதி வாசலிலேயே செத்துக் கிடக்கும்.

2025 ஜனவரி முதல் ஒன்றிய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். நல்ல திட்டம்தான். ஐஐடி மாணவருக்குக் கிடைக்கும் அதே கட்டுரை மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையும்கூட. ஆனால் உங்கள் கல்லூரி அதில் பதிவு செய்திருக்கிறதா? செய்திருந்தால் யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? எத்தனை கணினி வேலை செய்கிறது? கற்றுக்கொடுக்க நூலகர் இருக்கிறாரா? இவை இல்லாவிட்டால் அந்த 6,000 கோடி ஏற்கெனவே எல்லாம் வைத்திருப்பவர்களின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

சரி, நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கச் சொல்வோம். நியாயமான கோரிக்கை. ஆனால் கடைசி டவுன் பஸ் ஏழு மணிக்குப் போய்விட்டால் அந்தக் கோரிக்கை யாருக்கு? பைக் வைத்திருப்பவருக்கு, நகரத்தில் வீடு இருப்பவருக்கு. பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரே பைக்கில் மூன்று பேராக, விளக்கில்லாத சாலையில் போக வேண்டியவருக்கு அது நூலகச் சேவை இல்லை, ஆபத்து. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது, 2021இல் வந்தது. பஸ்ஸே வராத நேரத்தில் அந்த உரிமையை எங்கே பயன்படுத்துவது? இருட்டிய பிறகு நிறுத்தத்திலிருந்து காலனிக்கு நடக்க வேண்டும் என்பதற்காகவே நாலு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பும் தங்கைகள் எத்தனை பேர்? அவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அதனால்தான் சொல்கிறோம்: நூலக நேரமும் பஸ் நேரமும் தெருவிளக்கும் ஒரே மனுவில் இருக்க வேண்டும்.

"பசங்க படிக்கட்டில் தொங்குகிறார்கள், ஹெல்மெட் போடுவதில்லை, அதற்கும் அரசா பொறுப்பு?" என்று கேட்பார்கள். இதற்கு நேராகவே பதில் சொல்வோம். படிக்கட்டுப் பயணம் ஆபத்து, அதை வீரம் என்று நாம் ஒருபோதும் சொல்லக்கூடாது. ஆனால் காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே அந்த வழித்தடத்தில் எத்தனை பஸ், எத்தனை பாஸ் வைத்திருக்கும் மாணவர்கள் என்ற கணக்கைப் போடாமல் மாணவரை மட்டும் அடிப்பது நிர்வாகம் இல்லை. தொங்குகிற பையனைப் படமெடுத்து "ரவுடி" என்று போடும் கேமரா, அந்த பஸ்ஸுக்குள் நிற்க இடமிருந்ததா என்று காட்டுவதே இல்லை.

ஹெல்மெட் விஷயம் வேறு. அது நம் கையில் இருக்கிறது. ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் போட வேண்டும். ஏப்ரல் 14 ஊர்வலமாக இருந்தாலும், டிசம்பர் 6 அஞ்சலியாக இருந்தாலும் கொடி கட்டிய பைக்கில் தலை திறந்து போகக் கூடாது. மாநாட்டுக்குக் குட்டி யானையில் ஆள் ஏற்றிப் போவதை எந்த அமைப்பு செய்தாலும் அந்த மேடையிலேயே கேள்வி கேளுங்கள். ஒரு பட்டதாரியை உருவாக்க ஒரு குடும்பம் மூன்று தலைமுறை உழைத்திருக்கிறது. அந்தத் தலையைத் தார்ச்சாலைக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

இனி செய்ய வேண்டியவை.

ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் கல்லூரியிடம் கேளுங்கள்: நூலகர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை? கடந்த மூன்று ஆண்டுகளில் நூல் வாங்க ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை என்ன? 'ஒரே நாடு ஒரே சந்தா'வில் பதிவு உண்டா? பதில் 30 நாளில் வர வேண்டும்.

இரண்டு. காலனிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே உள்ள தூரம், எரியாத விளக்குகள், விபத்து நடந்த இடங்கள், நடந்த தேதிகள். இவற்றை நான்கு பேர் நடந்து போய் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 198ஏ பிரிவை மனுவில் குறிப்பிடுங்கள். தரமற்ற வடிவமைப்பாலும் பராமரிப்பாலும் சாவோ ஊனமோ நேர்ந்தால் சாலை அமைத்தவர்களும் அதற்குப் பொறுப்பான அதிகார அமைப்பும் தண்டனைக்குரியவர்கள் என்கிறது அந்தப் பிரிவு. சட்டம் ஓட்டுநருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

மூன்று. கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். வாய்ப்பேச்சு தீர்மானம் ஆகாது, பதிவேட்டில் ஏற வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதியை ஒதுக்குவதற்கும் செலவழிப்பதற்கும் 2024இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்திருக்கிறது. அந்த நிதியிலிருந்து விடுதிப் படிப்பறையும் காலனிச் சாலை விளக்கும் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நான்கு. விபத்து நடந்தால் செய்ய வேண்டியதை நூலகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரை வழக்கில் இழுக்க முடியாது என்பது 134ஏ பிரிவு. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மோதிவிட்டு ஓடிய வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. இது தெரியாமலே பிணத்தை எரித்துவிட்டுக் கடனோடு நிற்கும் குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. இந்தத் தகவலைத் தர வேண்டிய இடம் நூலகம்தான்.

லண்டனில் இருந்த நாட்களில் அம்பேத்கர் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் கதவு திறக்கும்போது நுழைந்து மூடும்போதுதான் வெளியே வருவார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைச் சொல்லி நம் பிள்ளைகளை "நீயும் படி" என்று உசுப்பேற்றுவது சுலபம். அவர் அப்படிப் படிக்க முடிந்ததற்கு அந்த நூலகம் நாள் முழுக்கத் திறந்திருந்ததும் ஒரு காரணம். அந்தக் கதவை நம் கல்லூரிகளில் திறக்க வைப்பதும், அதிலிருந்து வீட்டுக்குப் போகும் சாலையில் விளக்கேற்ற வைப்பதும்தான் இப்போது நம் வேலை. முதல் மனுவை இந்த வாரமே எழுதுங்கள்.

ஜெய் பீம்.