அறிந்து சார்தல்: கொள்கைப் பிரகடனம்

கண்மூடிய நம்பிக்கையின் காலம் முடிந்தது. எவரோ எழுதினார், எவரோ சரிபார்த்திருப்பார் என்ற அனுமானத்தின் மேல் எழுந்த மென்பொருள் ஒழுங்கு தன் தோல்வியைத் தானே பதிவுசெய்துவிட்டது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரிப் பொதி ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீங்கியதும் உலகெங்கும் பில்டுகள் முறிந்தன. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வெளிப்பட்டது. பில்டின்போது அதைப் பொருத்திய எம்4 கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்ஹெச் நுழைவில் ஏறத்தாழ அரை நொடித் தாமதத்தை மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் பொருட்படுத்தியதால் அது பிடிபட்டது. ஒருவரின் கூர்மைக்கு எங்கள் வணக்கம். ஒருவரின் கூர்மையையே காவலாகக் கொள்வதற்கு எங்கள் மறுப்பு.

சார்புகளைத் தணிக்கை செய்ய நாங்கள் ஷெல் ஸ்கிரிப்ட்டை ஏற்கிறோம். 1973இல் யூனிக்ஸில் பிறந்த பைப், ஒரு கருவியின் விடையை அடுத்த கருவியின் உணவாக்கியது; அந்த எளிமையே எங்கள் வலிமை. சார்புகளின் பதிப்புகளைப் பூட்டும் லாக் ஃபைலை ஜேக்யூ பிரிக்கும், சார்ட் அடுக்கும், காம் நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் புதிதாய் நுழைந்த பொதியைப் பெயர் சொல்லிக் காட்டும். வந்த கோப்பின் ஹாஷைப் பதிவோடு ஷா256சம் பொருத்தும். வெளியீட்டையும் மூலத்தையும் டிஃப் எதிரெதிரே நிறுத்தும். ஆட்டோடூல்ஸ் சேர்க்கும் கோப்புகளால் அந்த ஒப்பீட்டில் இரைச்சல் மிகும் என்பதை அறிவோம். எக்ஸ்இசட் சூழ்ச்சி ஒளிந்ததும் அந்த இரைச்சலில்தான். அந்தக் கள்ளக்கதவைப் பொருத்தியதும் செட், டிஆர் கோத்த ஷெல் வரிகள்தான். ஆகவே இரைச்சலையும் வரிவரியாய்ப் படிப்பதைக் கடமையாக ஏற்கிறோம்.

படிக்க முடியாத தணிக்கையை மறுக்கிறோம். நூறு சார்புகளைச் சுமந்து வந்து சார்புகளைச் சோதிக்கும் கருவியை மறுக்கிறோம். ‘அறியப்பட்ட குறை ஏதுமில்லை’ என்ற பச்சைக் குறியைப் பாதுகாப்பின் சான்றாகக் கொள்ள மறுக்கிறோம். லாக்4ஜே என்னும் ஜாவா நூலகத்தின் பெருங்குறை 2013 முதல் நிரலுக்குள் கிடந்தது. 2021 டிசம்பரில்தான் உலகறிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அறியப்பட்ட குறைகளின் பட்டியல்கள் மௌனம் காத்தன. எந்தப் பொதி எங்கே புதைந்திருக்கிறது என்ற கணக்கை முன்பே வைத்திருந்தவர்கள் அன்றே திருத்தத் தொடங்கினார்கள். வைத்திராதவர்கள் முதலில் தேட வேண்டியிருந்தது.

இனி எங்கள் ஒவ்வொரு திட்டத்தின் வேர் ஃபோல்டரிலும் ஒரு தணிக்கை ஸ்கிரிப்ட் இருக்கும். நூறு வரிக்குள் அடங்கும். நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளரும் ஒரே அமர்வில் படித்து முடிப்பார். ஒவ்வொரு பில்டுக்கும் முன் அது ஓடும். பூஜ்யமல்லாத எக்ஸிட் கோடு வந்தால், கெடு எவ்வளவு நெருங்கியிருந்தாலும், வெளியீடு நிற்கும்.