போனியும் போலியும்

'போனி' என்கிற இங்கிலீஷ் வார்த்தை நம் விமர்சகர்களிடம் படாத பாடு படுகிறது. பிடிக்காத கவிதை போனி. பிடிக்காதவன் எழுதினால் பிடித்த கவிதையும் போனி. 1951-ல் வந்த சாலிஞ்சரின் நாவலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பெரியவர்களையெல்லாம் இப்படித்தான் திட்டிக்கொண்டு போகிறான். அவனுக்குப் பதினாறு வயசு, பொருந்துகிறது. நம்மவர்களுக்கு ஐம்பது தாண்டியும் அந்த வயசு கழியவில்லை.

எங்கள் அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் போனி என்றால் காலையில் ஆகும் முதல் வியாபாரம். இரண்டு வார்த்தைக்கும் உறவு கிடையாது. ஆனால் இங்கிலீஷ் போனியும் வியாபாரத்தில் பிறந்ததுதான். டெலிபோனிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு, அது கதைதான். அகராதிக்காரர்களில் பெரும்பாலோர் ஒப்புவது வேறு. ஐரிஷ் மொழியில் மோதிரத்துக்கு 'ஃபான்யெ' என்று பேர். லண்டன் திருடர்களின் பரிபாஷையில் அது 'ஃபானி' ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர்களிடம் ஒரு வித்தை இருந்தது. தங்க முலாம் பூசிய பித்தளை மோதிரம் ஒன்றைத் தெருவில் நழுவவிட்டு, ஏமாற்ற நினைத்த ஆள் வருகிற சமயம் பார்த்து, தற்செயலாகக் கண்டவன் போல எடுக்க வேண்டியது. பிறகு தங்கத்தின் விலையைவிடக் குறைத்து, பித்தளையின் விலையைவிடப் பல மடங்கு கூட்டி, அவன் தலையில் கட்ட வேண்டியது. இந்த ஃபானிதான் அமெரிக்கா போய் 1900-ஐ ஒட்டி போனி ஆனது.

இதில் மோதிரம் ஒரு குற்றமும் செய்யவில்லை. பித்தளை பித்தளையாகத்தான் இருக்கிறது. 'கிடைத்தது' என்பதுதான் பொய். வாங்குகிறவனும் வெறும் ஏமாளி அல்ல. எவனோ தொலைத்த தங்கத்தை மலிவாக அமுக்கப் பார்க்கிறவன். அவன் ஆசை இல்லாமல் வித்தை பலிக்காது.

இந்த வார்த்தையை நாம் போலி என்று தமிழாக்கிக்கொண்டோம். போலி, பாவம். போல இருப்பது போலி, அவ்வளவுதான். இலக்கணத்தில் அதற்கு மரியாதையான இடம் உண்டு. அறம் அறன் என்று வந்தால் கடைப்போலி. அறனைக் கள்ளச் சரக்கு என்று எந்தப் புலவரும் சொன்னதில்லை.

நான் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். விசைத்தறிச் சேலை கைத்தறிச் சேலை போலவே இருக்கும். அதுவும் சேலைதான், அதை நெய்தவனும் கூலிக்குத் தூக்கம் கெட்டவன்தான். அதன்மேல் ஒருவன் கைத்தறி என்று சீட்டு ஒட்டும்போதுதான் மோசடி வருகிறது. 2006-ல் அரசாங்கம் கைத்தறி முத்திரையைக் கொண்டுவந்ததும் இந்தச் சீட்டுக்காகத்தான்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் திருச்சுழிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு நோட்டு நிறையக் கவிதைகளோடு எங்கள் கூட்டத்துக்கு வந்தான். எல்லாம் கடல். அலை, படகு, உப்புக் காற்று. அவன் கடலைப் பார்த்தது அதுவரை இரண்டு தடவையோ என்னவோ. வெளியூரிலிருந்து வந்திருந்த விமர்சகர் ஒருவர் 'சுத்த போனி' என்று தீர்ப்புச் சொன்னார். மானாவாரிக் காட்டில் பிறந்தவனுக்குக் கடல் எதற்கு, உன் மண் எங்கே, கருவேல் எங்கே என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். வானம் பார்த்த பூமியில் இருக்கிறவன் தண்ணீரைத் தவிர வேறெதைக் கனவு காண்பான் என்று திருப்பிக் கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

அவர் கருவேல் என்றது, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த சீமைக் கருவேலை. அமெரிக்கக் கண்டத்து மரம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. நாட்டுக் கருவேல் போல முள் இருந்ததால் பேரும் ஒட்டிக்கொண்டது. மண்ணின் அசல் அடையாளம் என்று அவர் கேட்டதே ஒரு போலியை! (மரத்தை நான் வையவில்லை. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிகிறது. அது நிலத்துக்குச் செய்கிற கெடுதல் வேறு வழக்கு.)

பையன் கெட்டிக்காரன். அடுத்த வருஷம் கேட்டதைக் கொடுத்தான். வெடித்த கண்மாய், ஒற்றைப் பனை, ஆடு மேய்க்கும் கிழவி, கருவேல். உடனே பிரசுரமாயிற்று. இது எழுதப்பட்டதல்ல, மண்ணிலிருந்து கிடைத்தது என்று அதே விமர்சகர் பரவசப்பட்டார். கிடைத்ததாம்! எங்கள் வெயிலில் ஒரு மத்தியானம் நிற்காமலே எங்கள் பஞ்சத்தை மலிவாக வாங்கிக்கொண்டு போனார் அவர்.

அந்தக் கவிதைகளில் தகவல் பிசகு ஏதும் இல்லை. அவன் ஊர்க் கண்மாய் நிஜமாகவே வெடித்துத்தான் கிடந்தது. ஆனால் அவன் அதை அவருக்காக அங்கே போட்டு, அவர் கண்முன் எடுத்தான். கடல் கவிதைகளில் தகவல் பாதி தப்பு. உப்பங்காற்று எந்தத் திசையில் வீசும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அவற்றை அவன் யாருக்கும் விற்கப் பார்க்கவில்லை. இந்த வித்தியாசம் தெரியாதவர் போனி என்ற வார்த்தையைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. அன்று தலையாட்டிய என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவன் இப்போது எழுதுவதில்லை. ஒரு நூல் கடையில் கணக்குப் பார்க்கிறான். போன மாதம் கேட்டதற்கு, "அது எதுக்குண்ணே இப்ப?" என்று சொல்லிவிட்டுப் பழைய நோட்டைத் தேடிக் கொடுத்தான். பாதிப் பக்கங்களில் நூல் கணக்கு. மிச்சத்தில் ஏழு கடல் கவிதைகள் தேறின. அவன் சம்மதத்தோடு ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். போடுவதானால் கவிதையை மட்டும் போடுங்கள், கீழே ஊர்ப் பேர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.