சுரண்டாமல் விட்ட பாதி

பழைய மரச்சாமான்களை வாங்கிவந்து வீட்டிலேயே புதுப்பிக்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நான்கு உப்புத்தாளும் ஒரு டப்பா வார்னிஷும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பில் நாங்கள் அழித்த ஒன்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம்.

கள்ளக்குறிச்சியில் பழைய சாமான் கடையொன்றில், ஓட்டை அண்டாக்களுக்கும் உடைந்த மின்விசிறிகளுக்கும் அடியில் ஒரு கணக்குப்பெட்டி கிடந்தது. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுவதற்கான, மேற்பலகை சாய்ந்த பெட்டி. வாகை மரம். அதன்மேல் யாரோ பச்சை எனாமல் பூசியிருந்தார்கள். விலைபேசி வாங்கிவந்து, வாடகைக்கு எடுத்த தேய்ப்பு இயந்திரத்தால் ஒரே பிற்பகலில் சுரண்டித் தீர்த்தோம். பச்சை போயிற்று, அதன் கீழே பல்லாண்டுக் கைப்பழக்கத்தில் ஏறியிருந்த கருமையும் போயிற்று. பலகையின் உட்பக்கத்தைப் பாதி தேய்த்த பிறகுதான் பென்சில் எழுத்துகள் கண்ணில் பட்டன. மல்லாட்டை மூட்டைகளின் கணக்கு. யாரோ கூட்டி, அடித்துவிட்டு, மறுபடியும் கூட்டியிருக்கிறார். பாதிக் கணக்குகள் மிஞ்சியிருந்தன. மீதி எங்கள் மூக்கில் ஏறியிருந்தது. வாகைத் தூள் கடுந்தும்மலை உண்டாக்கும் என்பது தச்சர்கள் எல்லோருக்கும் தெரிந்த சேதி, நாங்கள் கேட்கவில்லை.

தும்மலோடு போயிற்றே என்றுதான் சொல்லவேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமல் பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துக் குழந்தைகள் புழங்கும் வீட்டில் தூளாகப் பறக்கவிடுவது பொழுதுபோக்கு அல்ல. வேறு வழியே இல்லையென்றால் நனைத்துத் தேய்க்கலாம், முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே. தேய்க்காமலே விடுவது இன்னும் நல்லது.

இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சுவரின் பழமையைச் சுரண்டி எறிந்தவர்களை எதிர்த்து வில்லியம் மாரிஸ் 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதற்குச் செல்லப்பெயரே 'சுரண்டல் எதிர்ப்பு' என்பதுதான். நம் ஊரில் கோயில் தூண்களை மணல்வீச்சுக்குக் கொடுத்தபோது வருந்தி எழுதிய நாம், வீட்டுக்குள் ஒரு நாற்காலியை அதே கதிக்கு ஆளாக்கும்போது மகிழ்ந்து புகைப்படம் எடுக்கிறோம்.

பழைய தச்சு முறையில் நாங்கள் வியப்பது ஒன்றுண்டு. அது திரும்பப் பிரிக்கக்கூடியதாக இருந்தது. கழுந்தைத் துளையில் செருகி வச்சிரம் வைத்து இறுக்கினார்கள். வெந்நீரும் ஆவியும் பட்டால் வச்சிரம் இளகும். காலைக் கழற்றிச் செப்பனிட்டு மறுபடி பூட்டலாம். அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் மெருகும் அவ்வாறே. கீறல் விழுந்தால் அதன்மேல் இன்னொரு பூச்சு; புதியது பழையதைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். சூடான தம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும் என்பது அதன் குறை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இன்றைய பாலியூரித்தேன் பூச்சில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் முழுவதையும் உரித்தாக வேண்டும். 1959இல் ஃபெவிகால் வந்தபிறகு தச்சரின் அடுப்பிலிருந்து வச்சிரச் சட்டி மெல்ல இறங்கியது. அந்த நாற்றத்தைத் தாங்கியவர்கள் அதற்காக வருந்தமாட்டார்கள்தான். இருந்தாலும் வெள்ளைப் பசையில் ஒட்டிய மூட்டைப் பிரிக்க முயன்றால் பல நேரம் மரம்தான் பிளக்கிறது.

எங்கள் பெட்டியை ஒரு முதிய ஆசாரியிடம் கொண்டுபோனோம். சாமி சிலைகள் செய்பவர். மேற்பலகையைத் தடவிப்பார்த்துவிட்டு, "தோலை உரிச்சிட்டீங்களே சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆடிய மூலையில் மட்டும் ஒரு மூங்கில் ஆணி அடித்துக் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த முத்திரை புதிதாகச் செய்யப்படும் பொருளுக்கு மட்டுமே. அதே கை, அதே உளி, ஓர் ஊஞ்சல் பலகையையோ உடைந்த நாற்காலிக் காலையோ காப்பாற்றினால் அதற்கு முத்திரையும் இல்லை, முறையான கூலியும் இல்லை. புதிய பிள்ளையாருக்குப் பேரம் பேசாதவர்கள் பழைய நாற்காலியின் பழுதுக்கு நூறு ரூபாய்க்கு வாதாடுகிறார்கள். பழுதுபார்ப்பதையும் கலையாகக் கருதி, செலவழித்த பொழுதுக்குக் கூலி கொடுக்கப் பழகவேண்டும் என்பதே எங்கள் கருத்து. நாமே செய்யக்கூடியது துடைப்பதும் மெழுகிடுவதும்தான். மூட்டு வேலையை அறிந்தவரிடம் விட்டுவிடலாம்.

எதையும் தொடாதே என்று சொல்ல வரவில்லை. உளுத்த கால்மீது யாரையும் உட்காரவைக்க முடியாது. வண்டு துளைத்துத் தூள் உதிர்ந்தால் மருந்திட்டே ஆகவேண்டும். நாற்காலி உட்காருவதற்கே. ஆனால் கல்வராயன் மலையடிவாரத்து வரப்போரங்களில் பல தலைமுறை நின்று வைரமேறிய வாகைப் பலகை இனி எளிதில் கிடைக்காது. தொல்காப்பியர் ஒரு திணைக்கே வாகை என்று பெயரிட்டார். நாம் பூவை மட்டும் எடுத்துக்கொண்டோம், மரத்தைத் தச்சரோடு விட்டுவிட்டோம்.

எங்கள் பெட்டியின் மேற்பலகை இப்போது வெளிறிக் கிடக்கிறது. மெல்லிய அரக்குப் பூச்சு இரண்டு முறை கொடுத்தோம். உட்பக்கத்தில் எதையும் பூசவில்லை. மிஞ்சிய கணக்குகளில் முழுதாக இருந்த ஒன்றைக் கூட்டிப் பார்த்தோம். இரண்டாம் முறையும் அவருக்கு ஒரு மூட்டை குறைகிறது.