தீ வருமுன் நிதி வர வேண்டும்

காட்டுத்தீ அபாயம் மிகுந்த 19 மாநிலங்களின் 144 மாவட்டங்களுக்கென ரூ.818.92 கோடி மதிப்பிலான தணிப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்திருக்கிறது. இதில் ரூ.690.63 கோடி மத்திய அரசின் பங்கு. தமிழ்நாடும் இந்த 19 மாநிலங்களில் ஒன்று. சராசரியாகக் கணக்கிட்டால் ஒரு மாவட்டத்துக்கு ஏறக்குறைய ரூ.5.7 கோடி வருகிறது. மலையடிவார மாவட்டம் ஒன்றுக்கு இது சிறிய தொகை அல்ல. ஆனால், தவறான கையில் தவறான மாதத்தில் சேர்ந்தால் ஒரு கோடைக்குக்கூட உதவாத தொகை. எனவே, எவ்வளவு நிதி என்பதைவிட யார், எதற்காக, எப்போது செலவிடப்போகிறார்கள் என்பதே இப்போது எழுப்ப வேண்டிய கேள்வி. இந்த நிதியில் கணிசமான பங்கு காட்டை ஒட்டியுள்ள ஊராட்சிகளுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். அதுவும் கோடை தொடங்குவதற்கு முன்பே செல்ல வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

நாட்டின் காட்டுப்பரப்பில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி அடிக்கடி தீப்பிடிக்கும் வாய்ப்புள்ளது என்று இந்திய வன அளவை நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சுட்டிக்காட்டியது. எனினும், தீ எரிந்து முடிந்த பிறகு நிவாரணத்துக்குப் பணம் தேடுவதே நமது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 15ஆவது நிதி ஆணையம் இதை மாற்ற முனைந்தது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்கு அது பரிந்துரைத்த ரூ.1,60,153 கோடியில் 20 சதவீதத்தை, அதாவது சுமார் ரூ.32,000 கோடியை, பேரிடர் வருமுன் அபாயத்தைக் குறைப்பதற்கென்றே ஒதுக்கியது. காட்டுத்தீக்கான தற்போதைய திட்டமும் அந்தப் பார்வையின் நீட்சிதான். கொள்கை சரியான திசையில் திரும்பியிருக்கிறது. ஆனால், பணம் செல்லும் பாதை இன்னும் பழையதாகவே இருக்கிறது.

குரங்கணியை யாரும் மறந்திருக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடி அருகே மலையேற்றம் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது. காய்ந்து நின்ற ஆளுயரப் புல்லில் காற்றோடு சேர்ந்து தீ ஏறியபோது ஓட வழியில்லாமல் போனது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் பின்னர் வந்தார்கள். ஆனால், அன்று மாலை முதலில் மலையேறி, தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் தூக்கிச் சுமந்து கீழே இறக்கியவர்களில் உள்ளூர் மக்களே முன்னின்றார்கள். மலையின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். அந்த மக்களின் ஊராட்சிக்குத் தீத்தடுப்புக்கென ஒரு திட்டமோ, ஒரு நிதித் தலைப்போ, பயிற்சி பெற்ற ஒரு குழுவோ இருக்க வேண்டும் என்று அதற்கு முன்பும் யாரும் நினைக்கவில்லை. அதற்குப் பின்பும் அது விதியாகவில்லை. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஊராட்சியின் பொறுப்பும் அதிகாரமும் இருந்த இடத்திலேயே நின்றன.

இந்தியக் காடுகளில் மூளும் தீயில் மிகப் பெரும்பாலானவை மனிதர்களால் ஏற்படுபவை. அவை பெரும்பாலும் காட்டின் நடுவில் தொடங்குவதில்லை. சாலையோரத்தில் வீசப்பட்ட பீடித் துண்டு, வரப்பில் கொளுத்திய சருகு, ஊருக்கு வெளியே எரிக்கப்படும் குப்பை மேடு, உரிமையாளர் பராமரிக்காமல் களை மண்டிக் கிடக்கும் பட்டா நிலம் என எல்லாமே காட்டின் விளிம்பில் உள்ளவை. கொடைக்கானல் மலையில் பட்டா நிலங்களிலும் வருவாய் நிலங்களிலும் பற்றிய தீ வனப்பகுதிக்குப் பரவுவது ஏறத்தாழ ஆண்டுதோறும் வரும் செய்தி. இந்த இடங்கள் வனத்துறையின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. குப்பை மேலாண்மையும் கிராமச் சாலையும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. ஆக, தீ தொடங்கும் இடம் ஒருவரிடமும் தீயைத் தடுக்கும் பணம் இன்னொருவரிடமும் இருக்கின்றன. இந்த இடைவெளியை அடைக்காமல் எத்தனை கோடி ஒதுக்கினாலும் பயன் பாதிதான்.

அடுத்தது காலம். தீத்தடுப்புக் கோடு அமைக்கும் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் பழுக்கத் தொடங்கும்போது தொழிலாளர்கள் அரிவாளோடு இறங்குகிறார்கள். சாலையின் இருபுறமும், மேட்டின் முகட்டிலும் மூன்று மீட்டரோ ஆறு மீட்டரோ அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். வெட்டியது காய்ந்ததும், பனி ஈரம் முற்றிலும் போகாத வேளையில், காற்று பார்த்து, பச்சைக் கிளைகளோடு ஆட்கள் இரு பக்கமும் நிற்க, கட்டுக்குள் வைத்து எரிக்கிறார்கள். மண் தெரியும்வரை சருகைக் கூட்டித் தள்ளுகிறார்கள். ஜனவரி இறுதிக்குள் இது முடிந்தாக வேண்டும். பிப்ரவரி பிறந்து வெயில் ஏறிவிட்டால், தடுப்புக்காக வைக்கும் தீயே காட்டுத்தீயாகும் ஆபத்து உண்டு.

நமது நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. மத்திய அரசின் காட்டுத்தீத் தடுப்பு மற்றும் மேலாண்மைத் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 என்ற விகிதத்தில் செலவு பகிரப்படுகிறது. மத்தியப் பங்கு வந்து, மாநிலப் பங்கு சேர்ந்து, நிர்வாக ஒப்புதல் கிடைத்து, கடைசிச் சரகம்வரை பணம் இறங்க வேண்டும். இதில் இரண்டு மாதம் தாமதமானாலும் அந்தக் கோடைக்கான வேலை கைநழுவிவிடும். நிதியாண்டின் கடைசி வாரங்களும் தீயின் உச்ச வாரங்களும் ஒன்றாக வருகின்றன. அந்த நேரத்தில் வந்து சேரும் பணம், கோடு வெட்ட உதவாது; கணக்கை முடிக்கப் பொருள் வாங்கத்தான் உதவும்.

நிதி போதாமையும் நிதி திசைமாறுவதும் ஒரே மாநிலத்தில் எப்படி நிகழும் என்பதற்கு உத்தராகண்ட் சான்று. 2024 மே மாதம் காட்டுத்தீ வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், மாநிலம் கேட்ட ரூ.10 கோடிக்குப் பதில் ரூ.3.15 கோடி மட்டுமே தரப்பட்டது ஏன் என்று மத்திய அரசைக் கேட்டது. தீக்காலத்தில் வனப் பணியாளர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியதையும் கண்டித்தது. அடுத்த மாதமே அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர்கள் தீக்கு இரையானார்கள். இன்னொரு பக்கம், அதே மாநிலத்தில் காடு வளர்ப்புக்கென உள்ள ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலிருந்து ரூ.13.86 கோடி ஐபோன், மடிக்கணினி, குளிர்சாதனப் பெட்டி, கட்டடச் சீரமைப்பு போன்றவற்றுக்குத் திருப்பிவிடப்பட்டதை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2025இல் அம்பலப்படுத்தியது.

அதே அல்மோரா மாவட்டத்தில்தான் சீத்லாகேத் என்ற ஊரும் இருக்கிறது. அங்குள்ள பெண்களும் விவசாயிகளும் சேர்ந்து எடுத்த முடிவு எளிமையானது. வயல் கழிவுகளை எரிக்கும் வேலையைக் கடும் வெயிலுக்கு முன், மார்ச் இறுதிக்குள் எல்லோரும் முடித்துவிட வேண்டும். அதன்பின் யாரும் நெருப்பு வைக்கக் கூடாது. வனத்துறையும் ஊர்மக்களும் கைகோத்த இந்த வழிமுறையை இப்போது மாநில அரசே முன்மாதிரியாக எடுத்துச் சொல்கிறது. ஊர் கூடி எடுக்கும் முடிவுக்கு இருக்கும் வலிமை, மேலிருந்து வரும் சுற்றறிக்கைக்கு வராது.

அமெரிக்காவின் அனுபவமும் இங்கே பொருந்துகிறது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த தீயில் 85 பேர் இறந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. பின்னர் 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின்கீழ், ஊர்களைக் காட்டுத்தீயிலிருந்து காக்க ஐந்து ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் மானியம் ஒதுக்கப்பட்டது. அதில் களப்பணிக்கு மானியம் பெற விரும்பும் ஊரிடம் முதலில் ஒரு காட்டுத்தீப் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்கு உள்ளாட்சி, உள்ளூர் தீயணைப்புத் துறை, மாநில வனத்துறை ஆகிய மூவரும் ஒப்புதல் தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள விதி. அங்கும் குறைகள் உண்டு. விண்ணப்பம் எழுத ஆளில்லாத சிற்றூர்கள் மானியப் போட்டியில் பின்தங்குகின்றன. எனினும், உள்ளாட்சியின் கையொப்பம் இல்லாமல் அந்த ஊருக்கான தீத்திட்டம் இல்லை என்ற கோட்பாடு நாம் ஏற்க வேண்டியது.

காப்புக்காடு வனத்துறையின் ஆளுகைக்கு உட்பட்டது, ஊராட்சிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கப்படலாம். காப்புக்காட்டுக்குள் கோடு வெட்டும் உரிமையை ஊராட்சியிடம் தரச் சொல்லவில்லை. காட்டுக்கு வெளியே, ஊருக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட பரப்பைத்தான் சொல்கிறோம். அரசமைப்புச் சட்டத்தின் 11ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்குரியதாகக் குறிப்பிடும் 29 பொருள்களில் சமூகக் காடுகளும் சிறு வன விளைபொருள்களும் அடக்கம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு காட்டையும் உயிர்ப்பன்மையையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே வழங்குகிறது. எனவே, சட்டம் தடையாக இல்லை.

ஊராட்சியிடம் பணம் கொடுத்தால் முறைகேடு நடக்கும் என்பது இன்னொரு வாதம். முறைகேடு எங்கும் நடக்கலாம்; உத்தராகண்ட் தணிக்கை அறிக்கை பேசியது ஊராட்சியைப் பற்றி அல்ல. அதற்கான மருந்து நிதியை மறுப்பதல்ல, கணக்கை ஊர் முன் வைப்பது. எந்த இடத்தில் எத்தனை மீட்டர் கோடு வெட்டப்பட்டது, யாருக்கு எவ்வளவு கூலி தரப்பட்டது என்பதைக் கிராம சபையில் வாசித்தால், அந்த மலையைத் தினமும் ஏறி இறங்கும் மக்களிடம் பொய்க்கணக்கு எடுபடாது.

செலவிட வேண்டியவை எவை என்பதிலும் தெளிவு வேண்டும். ட்ரோன்களும் கண்காணிப்புக் கோபுரங்களும் தேவைதான். ஆனால், அவை தீயைக் காட்டும், அணைக்காது. இந்திய வன அளவை நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கை இப்போதே குறுஞ்செய்தியாக வருகிறது. பதிவு செய்யும் எவரும் அதைப் பெறலாம். மலையடிவார ஊராட்சித் தலைவர், செயலர், கிராம நிர்வாக அலுவலர் எல்லோரையும் அதில் சேர்க்கச் செலவே இல்லை. நிதி போக வேண்டிய இடம் வேறு: ஜனவரி முதல் மே வரை தீக்காவலர்களுக்கு மாதந்தோறும் தவறாத கூலி, காப்பீடு, தீயில் உருகாத காலணி, தண்ணீர்த் தொட்டி, விளிம்பு நிலங்களில் களையகற்றல். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் தீ மர உச்சிவரை ஏறும். நீலகிரிப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதே உண்ணிச்செடித் தண்டுகளால் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு நின்றன. களையகற்றலை வாழ்வாதாரமாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவற்றுக்கெல்லாம் முதல் நிபந்தனை, ஊராட்சி உயிரோடு இருப்பது. தேனி, திண்டுக்கல், நீலகிரி, கோவை, ஈரோடு உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே நிதி ஆணைய மானியம் என்பது விதி. தேர்தலைத் தள்ளிப்போடுவது மக்களாட்சிக்கு மட்டுமல்ல, மலையடிவார மக்களின் பாதுகாப்புக்கும் இழைக்கும் தீங்கு. உள்ளாட்சித் தேர்தல் இனி ஒரு நாளும் காலம் தாழ்த்தப்படக் கூடாது.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியவை இவை: காட்டை ஒட்டிய ஒவ்வோர் ஊராட்சியும் அக்டோபர் 2 கிராம சபையில் தீத்தடுப்புத் திட்டத்தை விவாதித்து, நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் நிறைவேற்ற வேண்டும். அதில் ஊராட்சி, வனத்துறை, தீயணைப்புத் துறை ஆகிய மூன்றின் கையொப்பமும் இருக்க வேண்டும். தணிப்பு நிதியில் பாதியையாவது இந்தத் திட்டங்களுக்கென்று ஒதுக்கி, நவம்பர் இறுதிக்குள் ஊராட்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும். மார்ச் 31இல் மிஞ்சும் தொகை காலாவதியாகாமல் அடுத்த தீக்காலத்துக்குத் தொடர அனுமதிக்க வேண்டும். கோடை முடிந்ததும் எரிந்த பரப்பையும் செலவுக் கணக்கையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மக்கள் முன் வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் காத்திருக்கத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். அதை அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பே பிறப்பிக்க வேண்டும்.