ஜாதகம் பார்க்கிற வீட்டில் சோதனைக்கு ஏன் அச்சம்?

பெண்ணுக்கு வரன் வந்தால் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜோதிடன் வாசலுக்கு ஓடுகிறோம். செவ்வாய் எங்கே, சனி எங்கே என்று கேட்கிறோம். கேட்டதற்குத் தட்சணையும் தருகிறோம். அதே வீட்டில் பாட்டிக்கு மார்பகப் புற்று, அத்தைக்குச் சினைப்பைப் புற்று என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு! “வெளியே சொல்லாதே, பெண்ணைக் கட்டமாட்டார்கள்” என்று மூத்தவர்கள் அடக்குகிறார்கள்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? பி.ஆர்.சி.ஏ. 1 என்னும் மரபணுவை 1994-லும், பி.ஆர்.சி.ஏ. 2 என்பதை 1995-லும் கண்டறிந்தார்கள். இவற்றில் பழுதுள்ள பெண்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்று வரக்கூடும். இந்தப் பழுது தாய்வழியாகத்தான் வரும் என்பது கட்டுக்கதை. தந்தையிடமிருந்தும் வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஊர் பழிப்பதோ எப்போதும் பெண்ணைப் பெற்றவளை! அப்பன் வழி வந்த பழுதுக்கு எந்தப் பஞ்சாயத்து அவனைக் கேள்வி கேட்டது?

மார்பகப் புற்றில் 100-க்கு 5 முதல் 10 வரையே பரம்பரையால் வருபவை. ஆகவே ஊரையே வரிசையில் நிறுத்தச் சொல்லவில்லை. குடும்பத்தில் இளவயதிலேயே நோய் கண்டவர்கள் உண்டென்றால், மருத்துவரிடம் மறைக்காதீர்கள் என்கிறோம். பழுது தெரிந்தவருக்கு வழி உண்டு: ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. சோதனை, அவர் விரும்பினால் அறுவை. 2013-ல் நடிகை ஏஞ்சலினா ஜோலி அந்த அறுவையைச் செய்துகொண்டு, அதை நியூயார்க் ஏட்டில் எழுதவும் செய்தார். அவருடைய தாய் 56 வயதில் புற்றுக்குப் பலியானவர்.

ஆனால் மக்களின் அச்சம் முழுவதும் மூடத்தனம் என்று ஏளனம் பேச நாம் தயாரில்லை. சோதனைத் தாள் காப்பீட்டுக் கம்பெனியின் கைக்குப் போனால்? அமெரிக்காவின் 2008-ம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் காவல் தந்தது. ஆயுள் காப்பீட்டைக் கைவிட்டது. இங்கே, மரபணுக் கோளாறு என்று பொதுப்படச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என டில்லி உயர்நீதிமன்றம் 2018-ல் கூறியது. நல்ல தீர்ப்புதான், ஆனால் நெசவாளி வீட்டுப் பெண் அதைக் காட்டி டில்லி வரை வழக்காட முடியுமா? தெளிவான சட்டம் வேண்டும், இரகசியக் காப்பு வேண்டும், சோதனைக்கு முன்னும் பின்னும் பக்குவமாக விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாற்றில் மருத்துவமனை கண்டார். 1969 பிப்ரவரி 3-ல் அண்ணாவை நம்மிடமிருந்து பிரித்ததும் புற்றுதான். காஞ்சியில் அவர் பெயரால் நிற்கும் புற்றுநோய் மருத்துவமனையிலும், மாவட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றிலும், தேவைப்படும் ஏழைப் பெண்ணுக்கு இந்தச் சோதனை காசின்றிக் கிடைக்கட்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி எழுத நிதியமைச்சர் முன்வருவாரா?